பொண்ணா, பையனா?

நெதர்லாந்தின் ஓல்டன்சால் ஊர்க்காரர்களின் நல்ல மனசு இருக்கிறதே, அதுதான் செம்ஹாருக்குப் பெரிய தொல்லை. எரித்ரியாவிலிருந்து வந்தவள் அவள். பென்னோவின் பேக்கரியில், பின்கட்டில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். கடையில் நின்று விற்க ஆள் தேவை என்றதும் ஓடிப்போய் முதலில் கேட்டவள் அவள்தான். சனிக்கிழமை காலை நின்று பார், வருகிறவர்கள் உன்னோடு டச்சில் பேசினால் வேலை உனக்குத்தான் என்றார் பென்னோ.

டச்சில் கேள்வி கேட்க வேண்டுமா, வினைச்சொல்லைப் பிடித்து முன்னால் தள்ளு என்பது வகுப்பில் படித்த பாடம். சைக்கிளில் வரும்போதெல்லாம் எதிர்காற்றிடம் கேட்டுப் பழகினாள்: "வேணுமா உங்களுக்குப் பை? நறுக்கட்டுமா ரொட்டியை?"

சனிக்கிழமை முதலில் வந்தவரிடம் அழகாகவே கேட்டாள். அவள் உச்சரிப்பு காதில் விழுந்ததுதான் தாமதம், மனிதர் சிரித்த முகத்தோடு ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டார். அடுத்து வந்தவரும் அப்படியே. உதவி செய்கிறார்களாம்! அவளுக்கு ஆங்கிலம் அரைகுறை. ரொட்டி அடுக்கும் சாக்கில் பென்னோ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். செம்ஹாருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் டீனி வந்தார். கறாரான அம்மாள். சொல்லிவைத்த ரொட்டியை வாங்க வந்ததாக அவரும் ஆங்கிலத்திலேயே சொன்னார். பென்னோ இரண்டு கையாலும் ஏந்திவந்து வைத்தது ஒரு முழத்துக்கும் மேல் நீண்ட திராட்சை ரொட்டி. அந்த ஊரில் அது போவது ஒரே இடத்துக்குத்தான், குழந்தை பிறந்த வீட்டுக்கு. பார்த்ததும் செம்ஹாருக்கு வேலையும் மறந்தது, பாடமும் மறந்தது.

"பொண்ணா, பையனா? என்ன பேரு வச்சிருக்காங்க?"

டீனியின் ஆங்கிலம் போன இடம் தெரியவில்லை. "பொண்ணும்மா. ஃபென்னான்னு பேரு. வருஷக்கணக்கா காத்திருந்து பெத்திருக்கா என் தங்கச்சி. தலை நிறைய முடி. உனக்குக் குழந்தைங்க இருக்கா?"

இரண்டு பையன்கள் என்றாள் செம்ஹார். அவசரத்தில் எந்தச் சொல் எங்கே போய் நின்றதோ, யாரும் கவலைப்படவில்லை. வரிசையில் நின்றவர்கள் டீனிக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவரவர் வீட்டுப் பிரசவக் கதையைச் செம்ஹாரிடம் அவிழ்த்துவிட்டார்கள், அத்தனையும் டச்சில். அவளும் விடாமல் கேள்வி கேட்டாள்.

பென்னோ எட்டிப்பார்த்தார். "அரட்டை போதும் செம்ஹார், வரிசை வாசலைத் தாண்டிருச்சு. அடுத்த சனிக்கிழமையும் இப்படியே நின்னா யார் ரொட்டி விக்கிறது?"

திட்டுதான். ஆனால் அந்தத் திட்டுக்குள் அடுத்த சனிக்கிழமை வேலையும் இருந்தது. செம்ஹார் வரிசையில் அடுத்தவரின் டோக்கன் எண்ணைக் கூவிய சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.