மூன்று பீப்பாய்த் தண்ணீர்

போன செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிப்பட்டு ரோட்டில் கட்டிக்கொண்டிருக்கும் எங்கள் புது பஸ் ஷெட்டில், ஒரு சிமென்ட் பைப் மேல் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

நானா? டவுன் பஸ்ஸில் 'ஹோல்டான்' சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவன் நான். இத்தனைக்கும் அந்த பஸ்களுக்கு நான்தான் மெக்கானிக்!

கொத்தனார் பயந்துபோனார். "இன்னா மேஸ்திரி, மயக்கமா? சோடா வாங்கியாரட்டா?"

"வேணாங்க. இந்த பைப்பைப் பதிக்கக் கூடாது."

பஸ் கழுவும் தண்ணீர் அந்த பைப் வழியாக நேராக ஏரிக் கால்வாய்க்குப் போகும். பிளான் அப்படி. எல்லா ஷெட்டிலும் அப்படித்தானே?

ஏன் உட்கார்ந்தேன் என்று சொல்கிறேன்.

பழைய ஷெட்டுக்குப் பின்னால் கோதண்டம் வீடு. தறி நெய்கிறவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சிட்டம் நூலைக் கொண்டுவந்து காட்டினார். அரக்குச் சிவப்புக்கு நடுவே திட்டுத் திட்டாக வெள்ளை. அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அலசி, சாயம் போடக் கொடுத்த நூல். சாயம் சரியாகப் பிடிக்கவில்லை.

"எங்க பாவா வேலை மேஸ்திரி இது. சாயத்துல கலப்படம் பண்றாரு. சொந்த மச்சானையே ஏமாத்துறாரு பாரு!"

சாயம் போடுகிறவர் அவருடைய அக்கா புருஷன். நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மேல் மயில் கழுத்து நிறத்தில் ஒரு படலம். எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்காக எல்லா பஸ்ஸையும் கழுவி நிறுத்துவோம். மண் தரை... புழுதி உடனே அப்பிக்கொள்ளும். அதனால் எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலைத் தரையில் தெளிப்போம். புழுதி அப்படியே படுத்துவிடும். நல்ல யோசனை என்று எல்லோரும் பாராட்டினார்கள். யோசனை என்னுடையது.

எத்தனை வருஷம்... எத்தனை மழை... அந்த ஆயில் எல்லாம் எங்கே போயிருக்கும்?

கோதண்டத்திடம் சொன்னேனா? இல்லை. அவர் வீட்டில் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவர் பாவாவோடு சண்டை போட்டு, அக்கா வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

கிணறாவது ஒரு வீட்டுக்கு. ஏரி எத்தனை ஊருக்கு?

கொத்தனார் சொல்லி அனுப்ப, பஸ் முதலாளி வந்தார். அந்த நூல் கதையைச் சொன்னேன். ஆயிலைப் பிரிக்காமல் தண்ணீரை வெளியே விடக் கூடாது என்றேன்.

"கழுவுன தண்ணிய மறுபடியும் கழுவணும்ன்றியா? இன்னாய்யா பேச்சு இது? இஞ்சினீரு போட்ட பிளான். நீ எத்தினியாவது படிச்சே?"

"அஞ்சாவதுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காது சுட்டது. எழுந்திருக்கவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. தண்ணிய சுத்தமா வுட்டுக் காட்டறேன்."

"சுத்தமான்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்த நெசவுக்காரரு அதுல நூலை அலசட்டும். சாயம் புடிச்சா பைப் வேணாம். புடிக்கலைன்னா, நீயே பதிக்கணும்."

மூன்று காலிப் பீப்பாய்களை வரிசையாகப் புதைத்தேன். ஆயில் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் நிற்கும். குழாயை வளைத்து, அடித்தண்ணீர் மட்டும் அடுத்த பீப்பாய்க்குப் போகும்படி வைத்தேன். மூன்றாவதில் மணலும் அடுப்புக்கரியும். அவ்வளவுதான் வித்தை.

வியாழக்கிழமை ஒரு பஸ்ஸைக் கழுவினோம். கடைசிப் பீப்பாயில் வந்தது... மோர்! கிளீனர்கள் வழக்கம்போல் சோப்புத் தூளைக் கொட்டியிருந்தார்கள். சோப்பு பட்டதும் ஆயில் தண்ணீரோடு கலந்துவிட்டது.

"உப்பு போட்டா குடிச்சிடலாம் மேஸ்திரி!" என்றார் ஒரு டிரைவர்.

மணலையும் கரியையும் மாற்றினேன். சோப்பு கூடாது. பிசுக்கை முதலில் மரத்தூளால் துடைக்க வேண்டும், பிறகு வெறும் தண்ணீர். வெள்ளிக்கிழமை முழுக்க நானே துடைத்துக் கழுவினேன்.

சனிக்கிழமை கோதண்டத்தைக் கூப்பிடப் போனேன். காரணம் சொல்லாமல் கூப்பிட முடியுமா? சொன்னேன். கிணற்றைக் கெடுத்தது நான் என்று.

அவர் தறியை விட்டு எழவில்லை. "ரெண்டு மாசமா தெரியுமா உனுக்கு?"

"ஆங்."

"நான் எங்க அக்கா மூஞ்சில முழிக்காம இருந்துகினு கீறேன். நீ காபி குடிச்சிட்டுப் பூட்டே!"



ஆனால் வந்தார். மூன்றாவது பீப்பாய்த் தண்ணீரில் வெள்ளைச் சிட்டத்தை அலசினார். இனி சாயம்... அதைப் போட வேறு யார் இருக்கிறார்கள்? முதலாளி ஸ்கூட்டரில் முன்னால் போக, நாங்கள் இருவரும் பாவா வீட்டுக்கு நடந்தோம்.

"இன்னா, கலப்படக்காரன் வூட்டுக்கு வந்துகினு கீறீங்க?" என்றார் பாவா.

"தப்பு என்னுதுங்க. ஆயில் ஊத்துனது நான்," என்றேன். இரண்டாவது தடவை சொல்வது சுலபம் என்று நினைத்திருந்தேன். இல்லை.

அவர் சிட்டத்தைக் கொதிக்கும் சாயத்தில் முக்கினார். வெளியே எடுத்து விரித்துப் பார்த்தார். முழுச் சிவப்பு. ஒரு திட்டு இல்லை.

முதலாளி நூலை முன்னும் பின்னும் புரட்டினார். "பைப்பைத் தூக்கிடுய்யா. பீப்பாய்க்குப் பதிலா தொட்டியாவே கட்டிடு."

ஏரி தப்பித்தது. கிணறு?

அதை இன்று முழுவதும் இறைத்துக்கொண்டிருக்கிறோம். மச்சானும் பாவாவும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் ஒரே கயிற்றைத்தான் சேர்ந்து இழுக்கிறார்கள்.

உள்ளே இறங்கிச் சேறு அள்ளுவது யார் என்று நான் சொல்ல வேண்டுமா, என்ன?