ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்த திருடன்

என் அப்பா சந்தேகப்படாத ஆளே கிடையாது. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், இஸ்திரிக்காரர் நம் சட்டையைப் போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போகிறார், பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா நாம் இல்லாத நேரம் நம் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார். ராணுவ அலுவலகம் ஒன்றில் பில்களைச் சரிபார்ப்பதுதான் அவர் வேலை. அதை வீட்டிலும் விடாமல் பார்த்தார்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் மராத்திக்காரர்கள் ஊரான கட்கியில், கன்டோன்மென்ட்டை ஒட்டிய ஓர் ஓட்டு வீட்டில் இருந்தோம். பின்புறம் காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டி, பெட்டிப் பலகையும் கம்பி வலையும் வைத்து அப்பாவே அடித்த கோழிக்கூடு. அதற்கடுத்து துணி துவைக்கிற மோரி. கூட்டின் வாசலில் எங்கள் நாய் படுத்துக் கிடக்கும். அந்த வருடம் ஊரிலிருந்து வேலை தேடி வந்த என் மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடு தங்கியிருந்தார். அப்பா அலைந்து திரிந்து ஏற்பாடு செய்த ஒரு வேலையும் அவருக்குக் கிடைக்காமல் போயிருந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். மாமாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதலில் ஒரு விடைக்கோழி காணாமல் போனது. கூடு பூட்டியபடியே இருந்தது. உள்ளே நாலைந்து இறகு மட்டும் கிடந்தது. பூனை என்றாள் அம்மா. அடுத்த வாரம் இன்னொன்று போனது. அதற்கடுத்த வாரமும். மூன்றும் ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சர்ச்சுக்கு, தமிழ் ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில் போயின. வாரத்தின் மற்ற நாட்களில் ஒரு கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"பூனைக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா?" என்று அப்பா கேட்டார். "எந்த மிருகம் காலண்டர் பாத்து வருது, சொல்லு பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராமல் வீட்டில் இருப்பது ஒரே ஓர் ஆள்தான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். தலைவலி, தூக்கம் என்று ஏதாவது சொல்லி மாமா நின்றுவிடுவார். நாங்கள் திரும்பும்போது கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார். கட்டிலுக்கு அடியில் நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துக்கொண்டிருக்கும். தூங்குகிற ஆளோடு இருந்த நாய்க்கு எதற்கு இப்படி இரைக்கிறது என்று அப்பா என்னிடம் கேட்டார். எனக்கும் அது உறுத்தியது.

அப்பா கடைக்குப் போய் ஒரு பொட்டலம் ரங்கோலிப் பொடி வாங்கி வந்தார். கிறிஸ்தவர் வீட்டில் ரங்கோலியா என்று பக்கத்து வீட்டம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "என்ன பண்டிகை?" என்று இந்தியில் விசாரித்தார். அப்பா கூட்டைச் சுற்றி மூன்று பக்கமும் வெள்ளை வெளேரென்று தூவினார். நாலாவது பக்கம் சுவர், நடுவில் ஒரு சாண் இடுக்குதான், அங்கே யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கோழி போனது. பொடியில் நாயின் கால் தடம் இருந்தது. அதன் பக்கத்தில், குதிகால் தேய்ந்த ஒரு ஹவாய் செருப்பின் தடமும் இருந்தது. அது யாருடைய செருப்பு என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை.

சாயங்காலம் அப்பா சமையலறையில் நின்று சொன்னார். "உன் தம்பி நம்ம கோழியப் பஜாருல கொண்டுபோய் விக்கான். இன்னும் ஒரு கோழி போச்சுன்னா, அவனை ஊருக்கு வண்டி ஏத்திருவேன்." முன்பெல்லாம் மாப்ள, மாப்ள என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், அன்றைக்கு 'உன் தம்பி' என்றார். நடுவில் இருந்தது வெறும் தகரத் தடுப்பு. அந்தப் பக்கம் மாமா ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது.

அடுத்த ஞாயிறு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏட்டி, வயித்துவலின்னு சொல்லிப் படுத்துக்கோ. கோழியப் பாக்காத, மாமாவப் பாரு." அம்மாவே அப்படிச் சொன்னது எனக்கு அழுகையாக வந்தது. ஆனாலும் ஜன்னலோரம் போர்வைக்குள் படுத்து, ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தேன்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் மாமா எழுந்து சட்டையை மாட்டினார். கூட்டின் பக்கம் போனார். அவர் குனிந்து நாயைத் தட்டி எழுப்பினார், அவ்வளவுதான். வெறும் கையோடு பின் கேட்டைத் திறந்தார். நாய் குதித்துக்கொண்டு பின்னாலேயே போயிற்று. நல்லவேளை என்று மூச்சு விட்டேன்.

அப்புறம்தான் மோரித் தண்ணீர் வெளியே போகிற ஓட்டையில் ஒரு மூக்கு தெரிந்தது. ஒரு கீரி. நின்று நிதானமாக நாய் படுத்திருந்த இடத்தைப் பார்த்தது. இல்லை என்று ஆனதும் சுவரோரமாகவே நடந்து, கூட்டுக்குப் பின்னால் மறைந்தது. பொடி தூவாத பக்கம் அது. கோழிகள் கத்த ஆரம்பித்ததும் நான் தட்டும் கரண்டியுமாக ஓடினேன். கீரி பாய்ந்து ஓட்டைக்குள் போய்விட்டது. பின்பக்கத்துப் பலகை அடியில் உளுத்து, கை நுழைகிற அளவுக்கு விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அதற்குத் தெரியாது. நாய் இல்லாத நேரம் மட்டும்தான் தெரியும்.

மாமா திரும்புவதற்கு முன்பே அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பலகையைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், அப்போதே ஒரு கம்பி வலைத் துண்டைத் தேடி எடுத்து அடைக்க உட்கார்ந்தார். மாமா கேட்டைத் திறந்து உள்ளே வந்தபோது, "கீரி மாப்ள, ஒரு கீரி" என்று சிரித்தார்.

"சரி அத்தான்" என்றார் மாமா. கசார்வாடியில் ஒரு பட்டறையில் ஞாயிறு தோறும் லேத் மெஷின் பழகியதையும், பேச்சுத் துணைக்கு நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தே போய் வந்ததையும், வேலை உறுதியானபின் சொல்லலாம் என்று இருந்ததையும் அப்போதுதான் சொன்னார். வேலை அன்று காலையில்தான் உறுதியாகியிருந்தது. பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு அறையும் பார்த்துவிட்டாராம்.

போகிற அன்று அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். மாமா தட்டில் விழுந்த கறியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, ரசம் கேட்டார்.

"கோழின்னா உனக்கு உசுராச்சே மாப்ள" என்றார் அப்பா.

"இப்பவும் உசுருதான் அத்தான். இந்த வீட்டுல வேண்டாம்."

கோபமே இல்லாமல் சொன்னார். அப்பா தலை நிமிரவில்லை. அம்மா ரசத்தை எடுத்து மாமாவுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.