வாசலில் வட்டமாக நின்ற பெண்கள்

நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிரைட் ரைஸ் வண்டி நிற்கிறது. போன வாரம் மாஸ்டர் சட்டியில் வினிகரை ஊற்றியதும் பார்சலை வாங்காமலே வந்துவிட்டேன். உங்களுக்கு அது சாப்பாட்டு வாசம். எனக்குப் படம் கழுவும் அறையின் நாற்றம்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் விமானப் படையில் இருந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? இருந்தேன், மெஸ்ஸில் வெங்காயம் உரித்துக்கொண்டு. வடக்கே வெயில் கொளுத்தும் ஒரு ஊர். எங்கள் பிரிவு விமானங்கள் குண்டு போடாது. எல்லை ஓரம் பறந்து படம் எடுத்து வரும். வேண்டாத ஃபிலிமைக் குழியில் போட்டு எரிப்பதும் என் வேலைதான். ரகசியம் என்பதால் ஒரு துண்டும் மிஞ்சக்கூடாது.

படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவர் கேசவன், ஆத்தூர்க்காரர். நிழலைப் பார்த்தே லாரியா டாங்கியா என்று சொல்லிவிடுவார். என்னைச் சீண்டாமல் அவருக்குப் பொழுது போகாது.

ஒருமுறை பயிற்சிக்காகத் தெற்கே பறந்த விமானி ஒருவர், உன் வீட்டையும் எடுத்து வருகிறேன் என்று விளையாட்டாகச் சொன்னார். ராசிபுரத்துக்கு மேற்கே, ஏரிக்கரைக் கோயிலுக்கு அடுத்த தனி வீடு என்று வெட்கத்தோடு சொல்லி வைத்தேன். பாதை விலகி, தாழப் பறந்து, நிஜமாகவே எடுத்து வந்துவிட்டார்.

"யோவ் ராசிபுரம், உங்க வூட்டுல விசேஷம்யா!" என்று கேசவன் கூப்பிட்டார். "பந்தல் போட்டிருக்கு. பொம்பளைங்க கும்மியடிக்கிறாங்க. தங்கச்சி கல்யாணமா? எங்களுக்கெல்லாம் சோறு போட்டுருவியோன்னு மறைச்சிட்ட!"

"அப்படியெல்லாம் இல்லீங்க" என்று சிரித்தேன்.

அவர் இன்னொரு தரம் குனிந்தார். "கும்மின்னா கை தட்டணும்ல?" என்றார் மெதுவாக. கண்ணாடியை என்னிடம் தள்ளினார்.

பெண்கள் வட்டமாகத்தான் நின்றார்கள். தோள்மேல் கை போட்டு, தலையோடு தலை முட்டி. எழவு வீட்டில்தான் அப்படி நிற்பார்கள். அப்பாவா? அம்மாவா? தங்கச்சியா? கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். முகமெல்லாம் புள்ளி.

கேசவனே அதிகாரியிடம் கூட்டிப்போனார். எனக்காக லீவும் அவரே கேட்டார். லீவு கொடுத்தால் காரணம் எழுத வேண்டும்; எழுதினால் விமானி பாதை விலகியது வெளியே வரும். தந்தி வரட்டும் என்றார் அதிகாரி. படத்தையும் ஃபிலிமையும் என்னிடமே கொடுத்து, எரிக்கச் சொன்னார். எரிந்து முடியும்வரை கூட நின்றார். பிறகு, ராத்திரிக்கு என்ன குழம்பு என்று கேட்டார்.

தந்தி தாமதமாகத்தான் வந்தது. அம்மா. நான் போய்ச் சேர்ந்தபோது காரியமே முடிந்திருந்தது. சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எடுக்கப்போற நேரத்துல தலைக்கு மேல ஏரோப்பிளேன் கத்திக்கிட்டுப் போச்சு சாமி. நீதான் வந்துட்டயாட்ட இருக்குதுன்னு, பொழுது சாயற வரைக்கும் எடுக்காம வெச்சிருந்தோம்."

அந்தப் பிரிவைக் கலைத்துவிட்டார்கள். ஒரு விமானத்தை மட்டும் கம்பத்தில் ஏற்றிப் பூங்காவில் நிறுத்தியிருக்கிறார்களாம். குழந்தைகள் அதன்கீழ் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள் என்று கேசவன் போனில் சொன்னார். தந்தியும் போய்விட்டது. எங்கள் பக்கம் தோள்கட்டி அழுகிறவர்களும் இல்லை. மைக் செட்காரன் வந்து அழுதுவிட்டுப் போகிறான்.

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று அம்மா கடைசிவரை எடுத்துக்கொண்டதில்லை. கும்பிடும் நாளில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் அவள் சேலை ஒன்றை மடித்து வைக்கிறோம். பேரப்பிள்ளைகள் அதைப் பார்த்து, பாட்டி எப்படி இருப்பாள் என்று கேட்கிறார்கள்.