அறிவிப்புப் படத்தில் நேற்றைய தேதி

எங்கள் ஊர் அறிவிப்புகளுக்காக ஒரு சிறிய இணையதளம் நடத்துகிறேன். பெரம்பலூரிலும் அரியலூரிலும் என்றைக்கு மின்சாரம் நிற்கும், எந்த வார்டுக்குக் குடிநீர் வராது, எந்தப் பஸ் வழி மாறும் என்பதுதான் அதில் இருக்கும். ஆனால் தளத்தைத் திறந்து படிப்பவர்கள் குறைவு. வாட்ஸ்அப்பில் வரும் படத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

அந்தப் படத்தை நான் வரைவதில்லை. தளத்தில் ஒரு அறிவிப்பைப் போட்டதும், அதன் தலைப்பு, ஊர், வெளியிட்ட நேரம் ஆகிய மூன்றும் ஃபீட் என்ற பட்டியலில் ஏறிக்கொள்ளும். நான் எழுதிய சிறு நிரல் அந்தப் பட்டியலைப் படித்து, வெளிர் மஞ்சள் அட்டை ஒன்றின் மேல் மூன்றையும் எழுதி, குழுக்களுக்கு அனுப்பிவிடும். ஊர் மேலே, தலைப்பு நடுவில், கிழமையும் தேதியும் கீழே வலது ஓரத்தில். தமிழ் எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் நிற்க இரண்டு வாரம் ஆயிற்று. அது சரியாக வந்த நாளை டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்.

தேதி போட வேண்டும் என்பது என் பிடிவாதம். பழைய படங்களை யாராவது மறுபடி அனுப்பிவிடுவார்கள். ஊர் முழுக்கத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுக் காத்திருக்கும். அதனால் குழுவில் அடிக்கடி எழுதுவேன்: தேதியைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பத் தாமதமாகிவிட்டது. வழக்கமாக முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் எல்லா அறிவிப்புகளையும் போட்டுவிடுவேன். அன்று முடியாததால் புதன் விடியற்காலை நாலு நாற்பதுக்கு உட்கார்ந்து, ‘இன்று மின் நிறுத்தம், காலை 9 முதல் மாலை 5 வரை’ என்று தலைப்புக் கொடுத்தேன். தேதியைத்தான் நிரல் போடுமே என்று படத்தைத் திறந்து பார்க்காமல் குளிக்கப் போனேன்.

எட்டரை மணிக்கு அடுத்த தெருவிலிருக்கும் மாவுக்கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா கிரைண்டர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நாலு பெரிய பாத்திரங்களில் அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன. மறுநாள் அரியலூர் மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம். காலை டிபனுக்கு இட்லி மாவு அக்காவுடையது. முப்பது கிலோ அரிசி. அவருக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர்.

“என்னக்கா, இன்னைக்குக் கரண்ட் இல்லையே, எப்ப ஆட்டப் போறீங்க?”

“இன்னைக்கா? அது நேத்துதானேம்மா. நேத்துப் போகல, ரத்து பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன்.”

“இல்லக்கா, இன்னைக்குத்தான். விடியக்காலையிலதான் போட்டேன்.”

அவர் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்துக் காட்டினார். மஞ்சள் அட்டையின் வலது ஓரத்தில் செவ்வாய் என்றிருந்தது.

“நீதானம்மா சொன்ன, தேதியைப் பாத்துட்டு நம்புங்கன்னு. பாத்தேன். நம்பல.”

காரணம் எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. ஃபீட் நேரத்தைக் குறிப்பது லண்டன் கணக்கில். நம் விடியற்காலை நாலு நாற்பது அங்கே முந்தின இரவு பதினொன்று பத்து. மாலையிலேயே போட்டுப் பழகியதால் ஒரு வருடமாக இந்தப் பிழை என் கண்ணில் படவில்லை. அக்காவிடம் சொன்னேன்.

“லண்டன்காரன் பெரம்பலூர் கரண்டுக்கு எதுக்குத் தேதி போடுறான்?” என்றார்.

ஒரு ஈடு ஆட்டி முடிப்பதற்குள் கரண்ட் போய்விடும். மாலை ஐந்துக்கு மேல் தொடங்கினால் எல்லாம் முடிய இரவு பத்தாகும். அந்தக் குளிருக்கு, சமையல்காரர் அடுப்புப் பற்றவைக்கும் விடியற்காலை நாலு மணிக்குள் மாவு பொங்காது. ஜெனரேட்டர் வாடகைக்குக் கேட்டோம். முகூர்த்த சீசன், ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்பதுக்கு மின்விசிறி நின்றது. அக்கா உளுந்துத் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார்.

அரியலூருக்கு மின் நிறுத்தம் போன சனிக்கிழமையே முடிந்துவிட்டது. அந்த அறிவிப்பையும் நான்தான் போட்டிருந்தேன். எனவே அங்கே கரண்ட் இருக்கும்.

“அக்கா, அந்த மண்டபத்துல கிரைண்டர் இருக்கா?”

“ரெண்டு இருக்கு. சாயங்காலம்தான் தொறந்து விடுவாங்க.”

“கேட்டுப் பாப்போம்க்கா.”

மண்டபத்து மேனேஜரிடம் நானே போனில் பேசினேன். தவறு என்னுடையது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “பதினொரு மணிக்கு வாங்க, தொறந்து விடச் சொல்றேன்” என்றார்.

தண்ணீரை வடித்து, பாத்திரங்களைத் துணியால் கட்டி, ‘குட்டி யானை’ மினி லாரி ஒன்றில் ஏற்றினோம். நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே ஏறிக்கொண்டேன். முன்னால் சிமென்ட் லாரிகள் வரிசையாகப் போனதால் வண்டி மெதுவாகத்தான் போனது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அக்கா திரும்பிப் பின் கண்ணாடி வழியே பாத்திரங்களைப் பார்த்தார். மண்டபத்தில் அவர் உளுந்தைத் தள்ளிவிட, நான் அரிசி அள்ளிப் போட்டேன்.

“கம்ப்யூட்டரை விட இது உனக்கு நல்லா வருது” என்றார். மூன்றரைக்குக் கடைசி ஈடும் முடிந்தது. மாவை மூடி வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு ஊர் திரும்பினோம்.

அன்றே நிரலைத் திருத்தினேன். ஃபீட் தரும் நேரத்தோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிய பிறகே தேதி எழுதும்படி செய்தேன். தலைப்பில் ‘இன்று’, ‘நாளை’ என்பதை விட்டுவிட்டு, கிழமையை என் கையாலேயே எழுதுகிறேன். படத்தைத் திறந்து பார்த்த பிறகே குளிக்கப் போகிறேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா இட்லித் தட்டின் படமொன்றை அனுப்பினார். நன்றாகப் பொங்கியிருந்தது. அதற்குப் பிறகு எந்த மின் நிறுத்த அறிவிப்பு போனாலும் இரண்டு நிமிடத்தில் அவரிடமிருந்து குரல் பதிவு வந்துவிடுகிறது.

“தேதியைப் பாத்துட்டேன். இருந்தாலும் நீ ஒரு வார்த்த சொல்லிடும்மா.”

நான் சொல்லிவிடுகிறேன்.