கப்டனுக்குச் சொன்ன பொய்

போன சனிக்கிழமை காலையில் நான் ஒரு நாயிடம் பொய் சொன்னேன்.

இதையெல்லாம் பேப்பரில் எழுதுவதா என்று கேட்பீர்கள். மனிதரிடம் பொய் சொல்லியிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இருபத்திரண்டு வருடமாகக் கந்தோரில் கிளாக்கராக இருக்கிறேன். அது அன்றாடம் நடப்பது. ஆனால் நாய்... நாய் நம்பிவிடுகிறது. அங்கேதான் வில்லங்கம்.

நாயின் பெயர் கப்டன். பெயர் வைத்தவள் என் மகள் சரசு. அவளுக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது, மழையில் நனைந்து வேலியோரம் கிடந்த குட்டியைப் பாவாடையில் சுற்றிக்கொண்டு வந்தாள். அடுத்த கிழமை நாங்கள் போன தோணியில் அதுவும் ஏறியது. ஏறியதும் நேரே முன்பக்கம் போய், காதை நிமிர்த்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றது.

"அப்பா, இவன்தான் எங்கடை கப்டன்!"

தோணி என்றதும் எங்களைக் கடலோடிகள் என்று நினைத்துவிடாதீர்கள். கோப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்த குடும்பம். கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அறியோம். தோணி ஏறியது சரசுவின் பிடிவாதத்தால். ஒரு மாரிக்குப் பிறகு உப்பாற்று ஏரி கரைமுட்டக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணி எங்கை போகுது அப்பா?" என்றாள். "தொண்டைமானாற்றுக்குப் போய்க் கடலிலை விழுகுது" என்றேன். "அப்ப நாங்களும் போய்ப் பாப்பமே?"

அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வொரு தை மாதமும் ஒரு சனி ஞாயிறு தோணிக்கு என்று ஆகிவிட்டது. ஒரு பெட்டி நிறைய அவித்த பனங்கிழங்கு, சரசு, கப்டன், நான்.

கந்தோரில் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் காரணமில்லாமல் ஓரடி வைக்க மாட்டார்கள். கோயில், கலியாணம், செத்தவீடு, வழக்கு — பயணம் என்றால் இந்த நாலுக்கும்தான். சும்மா தண்ணீரைப் பார்க்கப் போகிறேன் என்றால் ஆளை மேலும் கீழும் பார்ப்பார்கள். அதுவும் நாயை ஏற்றிக்கொண்டு? "இது வெள்ளைக்காரன்ரை வருத்தமெல்லே, உமக்கு எங்கையிருந்து தொத்தினது?" என்று கேட்டார் எங்கள் தலைமைக் கிளாக்கர்.

பிறகு சரசுவுக்குக் கலியாணம் ஆயிற்று. மருமகனுக்கு மலாய்நாட்டில், ஈப்போவில், றெயில்வே உத்தியோகம். யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் றெயில் வெளிக்கிடும்போது ஜன்னலால் தலையை நீட்டி அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்: "தை மாசம் கப்டனைத் தோணியிலை கூட்டிக்கொண்டு போங்கோ அப்பா. மறந்திடாதையுங்கோ."

ஓம் என்றேன்.

கொஞ்ச மாதத்தில் சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்தது. அன்றோடு கடிதமும் நின்றது. மலாய்நாட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு இருக்கிற வீடுகள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ. அவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

தை வந்தது, போனது. அடுத்த தையும் போனது. தோணிப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் அரைநாள் வேலை முடித்து வீட்டுக்கு வந்ததும் மனைவிக்கு ஒரு செய்தி சொல்வதை மட்டும் வழக்கமாக்கிக்கொண்டேன். "கந்தோரிலை ஒருத்தற்றை ஆக்களுக்கு ஈப்போவிலையிருந்து செய்தி வந்ததாம். அங்கை எங்கடை சனம் எல்லாம் சுகமாம்."

"ஓம்" என்பாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். ஆருக்கு வந்தது, எப்படி வந்தது — ஒரு கேள்வி கிடையாது.

அப்படி எவருக்கும் எந்தச் செய்தியும் வரவில்லை. இதை இப்படிப் பகிரங்கமாக எழுதலாமா? எழுதலாம். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

இந்தத் தை பிறந்ததும் மனைவி ஒரு நாள் சொன்னாள். "இஞ்சருங்கோ, பிள்ளைக்குக் குடுத்த சொல்லை இன்னும் எத்தினை தைக்குத் தள்ளப் போறியள்? கப்டனுக்கும் வயசு போகுது."

லீவு போட்டேன். சனிக்கிழமை விடிய, சைக்கிளில் பனங்கிழங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோப்பாயிலிருந்து புத்தூருக்குப் போனேன். கப்டன் பின்னால் ஓடிவந்தான். முன்பென்றால் முன்னால் ஓடுவான்.

புத்தூருக்குக் கிழக்கே உப்பாற்றங்கரையில் செல்லையா அண்ணையின் தோணி நின்றது. இறால் பிடிக்கிற தோணி. எங்களுக்கு மட்டும் வருடத்தில் ஒரு தரம் பிக்னிக் போட். செல்லையா அண்ணை முன்புபோலவே கரையில் பூவரசின் கீழ் நட்டிருக்கும் வைரவர் சூலத்துக்குக் கற்பூரம் கொளுத்தினார். நான் கொண்டுபோன வடையில் ஒன்றைச் சூலத்தின் முன்னால் வைத்தார். திருநீறு பூசினோம். தோணியில் ஏறினோம்.

கப்டன் ஏறவில்லை.

கரையில் குந்திக்கொண்டு, நாங்கள் வந்த பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். வாலை ஒரு தரம் ஆட்டினான், திரும்பவில்லை. வடையைக் காட்டினேன். எழும்பி வந்து, நாலு காலும் கரையில் நிற்க, கழுத்தை மட்டும் தோணிக்குள் நீட்டி வடையை வாங்கித் தின்றான். தின்றுவிட்டுப் பழைய இடத்திலேயே போய்க் குந்தினான். லஞ்சம் வாங்கியும் வேலை செய்யாத உத்தியோகத்தரை நான் கந்தோருக்கு வெளியே பார்த்தது அதுதான் முதல் தரம்.

"தூக்கி ஏத்துவம் அண்ணை" என்றேன்.

செல்லையா அண்ணை திடுக்கிட்டுப் போனார். "ஐயோ கிளாக்கரையா, அப்பிடிச் செய்யக்கூடாது. வைரவற்றை வாகனமெல்லே. சூலத்துக்கு முன்னாலை வைச்சு இழுத்து ஏத்தினால் தோணிக்குக் கூடாது. அவராய் மனம் வைச்சு ஏறவேணும்."

"ஏறாட்டி?"

"ஏறாட்டி நிக்கவேண்டியதுதான். அவர் ஆரையோ பாத்துக்கொண்டிருக்கிறார்."

நின்றோம். வெயில் ஏறியது. கொக்குகள் வந்து இறங்கின, தங்கள் அலுவலை முடித்துக்கொண்டு பறந்தன. செல்லையா அண்ணை ஒரு சுருட்டு முழுவதையும் குடித்து முடித்தார். கப்டன் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பாதையை நான் பார்க்கக்கூடாது என்று இருந்தேன்... நானும் பார்த்தேன்.

எனக்குப் பொறுமை குறைவு. தோணியில் நின்றபடி, தண்ணீர்ப் பக்கம் கையைக் காட்டிச் சத்தமாகச் சொன்னேன்.

"கப்டன்! இஞ்சை பார்... சரசு வந்திட்டா! சரசு!"

அவன் எழும்பின வேகத்தை எப்படிச் சொல்வேன்? வாதம் பிடித்த பின்காலை மறந்து ஒரே பாய்ச்சலாகத் தோணிக்குள் விழுந்தான். முன்பக்கம் ஓடினான். பின்பக்கம் ஓடினான். செல்லையா அண்ணையின் காலுக்கு நடுவே மோந்து பார்த்தான். பனங்கிழங்குப் பெட்டியின் மூடியை மூக்கால் தள்ளித் திறந்து அதற்குள்ளும் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான்.

செல்லையா அண்ணை கம்பை ஊன்றித் தோணியைத் தள்ளினார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்றைய பயணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல தண்ணீர், நல்ல காற்று. கரையெல்லாம் பச்சை. தூரத்தில் கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன. அவசரமே இல்லாமல் போனோம். மகளோடு போன நாட்களில் எப்படி இருந்தனவோ எல்லாம் அப்படியே இருந்தன. எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஏதாவது மாறியிருக்கக் கூடாதா? இந்த உப்பாறு ஒரு வருடமாவது வற்றிக் கிடந்திருக்கக் கூடாதா?

கப்டன் முன்பக்கம் போகவில்லை. நடுப் பலகையில் சரசு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பலகையில் ஏறாமல், கீழே படுத்தான். அவளுடைய இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். நானும் அதில் இருக்கவில்லை.

வல்லைப் பாலம் வந்தது. பாலத்துக்குக் கீழே போகும்போது சரசு குனிந்துகொண்டு "கூ..." என்று கத்துவாள். பாலம் திருப்பிக் கத்தும். கப்டன் குரைப்பான். இதற்காகவே இரண்டு தரம் போய் வருவோம். இந்தத் தரம் பாலத்தின் நிழல் விழுந்ததுமே கப்டன் தலையை நிமிர்த்தினான். காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தான்.

என்ன செய்வது? ஐம்பது வயதுக் கிளாக்கர், நான் "கூ..." என்று கத்தினேன். பாலமும் என்னுடைய குரலைத்தான் திருப்பிச் சொன்னது. கப்டன் என்னைப் பார்த்துவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பின்னேரம் தொண்டைமானாறு. ஏரி ஒடுங்கி வாய்க்கால்போல் ஆகி, கடலுக்குப் போகிற இடம். பழைய காலத்தில் உப்புத் தோணிகள் போக அரசன் வெட்டுவித்த வாய்க்கால் என்று கதை. முதல் தரம் வந்தபோது சரசு கடலைக் காட்டி, "இதுக்கு அங்காலை என்ன அப்பா?" என்று கேட்டாள். "இப்பிடியே நேரை போனால் மலாய்நாடு" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். எந்தப் பக்கம் மலாய்நாடு என்று எனக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது. சென்ற சனிக்கிழமை அந்த இடத்தில் நின்று கடலைப் பார்த்தேன். மூன்று பேரும் பார்த்தோம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். செல்லையா அண்ணை தோணிக்குள் வந்த தண்ணீரைச் சிரட்டையால் இறைப்பதில் மும்முரமாக இருந்தார். அவ்வளவு தண்ணீர் வரவில்லை.

சந்நிதி கோயிலடி மடத்தில் தங்கினோம். ஞாயிறு காலை திரும்புவதற்குத் தோணிக்கு வந்தபோது, கப்டன் எப்படி ஏறப்போகிறான் என்பதுதான் எனக்குக் கவலை. கூப்பிடவில்லை. வடை காட்டவில்லை. பேர் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. நான் ஏறி இருந்தேன். கப்டன் கரையில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு தானாகவே ஏறிவந்து, பழையபடி அந்தப் பலகைக்குக் கீழே படுத்தான்.

"பாத்தியளே, இண்டைக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அவராய் ஏறிட்டார்" என்றார் செல்லையா அண்ணை.

"வீட்டுப் பக்கம் எண்டு தெரிஞ்சிருக்கும் அண்ணை."

"ஓம். வேறை எங்கை போறது?"

வீட்டுக்கு வர மாலையாகிவிட்டது. கப்டன் நேரே வேலிப் படலையடியில் தன் இடத்தில் போய்ப் படுத்தான். மனைவி அவனுக்குச் சோறு வைத்துவிட்டு வந்தாள்.

"பேசாமல் ஏறினவனே?"

"ஏறினவன்" என்றேன். "முதல் கொஞ்சம் அடம்பிடிச்சவன்."

"என்ன சொல்லி ஏத்தினனீங்கள்?"

நான் சப்பாத்தைக் கழற்றுவதில் கவனமாக இருந்தேன். ஒரு சப்பாத்தைக் கழற்ற எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. நிமிர்ந்தபோது அவள் அதே இடத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை. கரையில் காத்திருந்த செல்லையா அண்ணையின் முகம்போல் இருந்தது.

"எனக்குச் சனிக்கிழமையளிலை சொல்லுறதைத்தானோ அவனுக்கும் சொன்னனீங்கள்?"

இரண்டு வருடத்துக்கு மேல்... எத்தனை சனிக்கிழமைகள், எத்தனை தேத்தண்ணி! நான் அவளை ஏமாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எல்லாம் தெரிந்துகொண்டே ஒவ்வொரு சனியும் "ஓம்" என்றிருக்கிறாள்.

"தெரிஞ்சு கொண்டே ஏன் நீர் பேசாமல் இருந்தனீர்?" என்று கேட்டேன்.

அவள் படலைப் பக்கம் பார்த்தாள். "சரசு எண்டு கேட்டவுடனை அவன் எப்பிடிப் பாய்ஞ்சிருப்பான், பாத்தனீங்கள்தானே?"

பிறகு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள். உள்ளேயிருந்து குரல் வந்தது:

"வாற சனியும் சொல்லுங்கோ."