சாப்பாட்டுக்கு முன் ஒரு படம்

எங்கள் முதியோர் இல்லத்தின் நிர்வாக சபையில் என்னைச் சேர்த்ததற்குக் காரணம், சபையில் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும் என்று யாரோ எடுத்துச் சொன்னதுதான். நான் ஓய்வுபெற்ற தாதி என்பது அவர்களுக்குக் கூடுதல் இலாபம். கூட்டத்துக்கு வருகிற எல்லோருக்கும் இலவசமாகப் பிரஷர் பார்த்துவிடலாம். ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் என்னை எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளம் கிடையாது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை.

இல்லம் அச்சுவேலிக்குக் கிட்ட, தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் வெளிநாட்டிலிருக்கும் யாருடையதாவது உபயம். தகப்பனின் திவசம், தாயின் நினைவு நாள், பேரப்பிள்ளையின் பிறந்தநாள் என்று ஏதாவது வரும். அன்றைக்கு வடையும் பாயசமும் உண்டு. நல்ல காரியம்தான், குறை சொல்ல எனக்கே வாய் வராது. ஆனால் சாப்பிட முதல் படம் எடுக்க வேண்டும். இறந்தவரின் படத்துக்கு மாலை போட்டுக் கதிரையில் வைத்து, முதியவர்களை வரிசையாக இருத்தி, கைபேசியில் நேரடியாகக் காட்ட வேண்டும். லண்டனில் உபயகாரர் எழும்பி முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் இங்கே சோறு ஆறிப்போய்விடும். பிறகு அந்தப் படங்கள் முகநூலில் ஏறும்.

அப்படியொரு நாளில்தான் அங்கிருந்த அக்கா ஒருவர் கிணற்றடியில் மயங்கி விழுந்தார். சீனி வருத்தக்காரி. காலையில் நீரிழிவுக் குளிசையைப் போட்டுவிட்டு மத்தியானம் கடந்தும் ஒன்றும் சாப்பிடாமல் நின்றிருக்கிறார். சீனித் தண்ணீர் பருக்கி, அவர் கண் திறந்ததும் நன்றாக ஏசினேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

அவர் மெல்லச் சொன்னார். படம் எடுக்கிற நாட்களில் கிணற்றடிக்குப் போய்விடுவாராம். எல்லாம் முடிந்த பிறகு, மிச்சம் இருந்தால் சாப்பிடுவாராம். ஒரே மகன் பிரான்சில் இருக்கிறான், அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. தாய் கொடிகாமத்தில் அவனுடைய சித்தி வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். சித்தியின் மகளுக்குக் கலியாணமாகி மாப்பிள்ளையும் அங்கே வந்துவிட, வீட்டில் இடம் போதவில்லை. இவர் மகனுக்குச் சொல்லாமல் இங்கே வந்துவிட்டார்.

"படத்திலை என்னைக் கண்டானெண்டால் எல்லாத்தையும் போட்டிட்டு வந்திடுவான், மிஸி. வந்தால் திரும்பிப் போகேலாது."

நான் மிச்ச ஏச்சை விழுங்கிவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் அவருடைய கதையைச் சொல்லாமல், படம் எடுப்பதை நிறுத்துவோம் என்றேன். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், நல்ல மனிதர். சமையல்காரர் வராத நாளில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பவர். முகங்களைக் காணாவிட்டால் உபயகாரர் வேறு இல்லத்தைப் பார்த்துப் போய்விடுவார்கள், பிறகு உலையில் எதைப் போடுவது என்று கேட்டார். அவருடைய பயத்தில் நியாயம் இருந்தது. அதனால் நான் வேறு வழி சொன்னேன். முதியவர்கள் உள்ளே நேரத்துக்குச் சாப்பிடட்டும். நாங்கள் வெளியே விறாந்தையில் பந்தியில் இருப்போம், சபையும் சேர்ந்து சாப்பிடுகிறது என்று சொல்லியே படம் எடுப்போம். எங்களில் அறுபதுக்குக் கீழே ஒருவரும் இல்லை, நரைக்கும் வழுக்கைக்கும் குறைவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், சரி என்றார்கள்.

லண்டனில் இருக்கும் ஒரு குடும்பத்தாரின் தகப்பனுடைய திவசம் வந்தது. உள்ளே முதியவர்களுக்குப் பரிமாறத் தொடங்கினார்கள். விறாந்தையில் எங்களுக்கு இருக்க நீள வாங்குகள் போட்டிருந்தார்கள். சபையில் ஒருவருக்குத் திடீரென்று உப்பு எடுக்கப் போக வேண்டியிருந்தது. இன்னொருவர் நேராகத் தொங்கிய மாலையைத் திரும்பத் திரும்ப நேராக்கிக்கொண்டிருந்தார். தலைவர் சோற்றுக் கரண்டியை எடுத்தவர் கீழே வைக்கவேயில்லை. நான் மட்டும் வாங்கில் தனியே இருந்தேன். வந்து இருங்கோ சேர் என்றேன். அவர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அவுஸ்திரேலியாவிலை மகள் இதைப் பாத்தாளெண்டால், அப்பாவைக் கொண்டுபோய் இல்லத்திலை விட்டிட்டினம் எண்டு நினைப்பாள், மிஸி."

தான் சொன்னது அவருக்கே கேட்டுவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு கிணற்றடிப் பக்கம் பார்த்தார். உள்ளே பந்தி நடந்தும், எங்கள் ஏற்பாட்டை நம்பாமல், அக்கா வழமைபோல முதுகைக் காட்டிக்கொண்டு அங்கே நின்றிருந்தார். ஏன் அங்கே நிற்கிறார் என்று தலைவருக்கு விளங்கிவிட்டது.

லண்டன் அழைப்பு வந்தது. அழைத்தவர் இறந்தவரின் மகன். வணக்கம் சொல்லிவிட்டு, ஆக்கள் எங்கே அங்கிள் என்று கேட்டார். தலைவர் கைபேசியை மாலை போட்ட படத்துக்கும், ஆவி பறந்த சோற்றுக்கும் காட்டினார்.

"உள்ளை சாப்பிடினம், தம்பி. சாப்பிடுற ஆக்களைப் பாக்கக் கூடாது. கண்ணூறு படும்."

இந்த உபயம் இதோடு சரி என்றுதான் நினைத்தேன். பிறகு அந்த மனிதர் சிரித்தார். தன்னுடைய அப்பாவும் அப்படித்தானாம், யாராவது பார்த்தால் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாராம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. ஆறுதலாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றுவிட்டு வைத்தார்.

நான் போய் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். தலைவர்தான் அவருக்குப் பரிமாறினார். பாதிச் சாப்பாட்டில் அக்காவின் கைபேசி அடித்தது. பிரான்சிலிருந்து மகன். வேலைக்குப் போக முதல் இந்த நேரத்தில் எடுப்பானாம். பந்தி முழுவதும் சட்டென்று கதையை நிறுத்தியது. ஒருவர் எழும்பிப்போய் வானொலியைக் குறைத்தார். அக்காவின் கதை அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரியாமல் இருந்தது எங்கள் சபைக்கு மட்டும்தான்.

"ஓம் ராசா, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்," என்றார் அக்கா. "சித்தி வைச்ச கத்தரிக்காய்க் குழம்பு. நல்ல சூடாய் இருக்கு."

அதில் சித்தி மட்டும்தான் பொய்.