மேலே திரும்பாத கோடு

மருமகன் யூட் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கப்பல்துறைக் கிராமத்தில் என் பேக்கரியில் சுட்ட பாணை விற்றுக்கொண்டிருந்தேன். பாண் ஓட்டோவின் பாட்டுப்பெட்டி வழக்கம்போல அலறிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் மகள் செலின், "அப்பா, அவர் போயிட்டார்" என்றாள். "எங்க போனவர்?" என்று கேட்டேன். எனக்கு விளங்கியிருந்தது. என்றாலும் வாய் அப்படிக் கேட்டது.

ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு கண்டி வீதி நெடுக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பாட்டை நிறுத்த வேண்டும் என்ற நினைவே வரவில்லை. சனம் படலையடிக்கு வந்து கைகாட்டியது. ஒரு அம்மா, "நில்லும், நில்லும், ரெண்டு பாண்!" என்று பின்னால் ஓடிவந்தார். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி, "ஐயா, இங்க விக்க ஏலாது" என்று மறித்த பிறகுதான் பாட்டை நிறுத்தினேன். அன்று பாண் கிடைக்காமல் என்னை ஏசியவர்கள் இதை வாசிக்கக்கூடும். காரணம் இதுதான்.

இந்த நினைவு மலரில் எழுதச் சொல்லி மகள் கேட்டாள். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தை இரண்டாம் தரம் எழுதித் தாண்டியவன் நான். யூட்டின் வேலையைப் பற்றி நான் எழுதுவது, பார்த்திராத ஊருக்கு வழி சொல்வதைப் போன்றது. ஆனாலும் செத்தவீட்டுக்கு வந்த உங்களில் பலர், "அவர் அங்க என்னதான் செய்துகொண்டிருந்தவர்?" என்று என்னிடம் கேட்டீர்கள். அன்று நான் கொடுத்த பதில் சரியில்லை.

கலியாணம் பேசி வந்த காலத்திலும் நான் சரியாகச் சொல்லவில்லை. "வெளிநாட்டில வெளிச்சம் சம்பந்தமான வேலை" என்று சொந்தக்காரருக்குச் சொல்லிவைத்தேன். கலியாணம் முடிந்த கிழமையே என் மச்சான், தன் வீட்டு ரியூப் லைற் விட்டுவிட்டு எரிகிறது என்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார். யூட் மறுக்கவில்லை. கதிரையில் ஏறி ஸ்ராட்டரை மாற்றிவிட்டுத் தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"தம்பி, நீங்கள் இதையெல்லாம் செய்ய வேணுமே?"

"பரவாயில்லை மாமா. என்ர வேலையில தொட்ட உடன பத்தினது இது ஒண்டுதான்."

அவருடைய பகிடிகள் எல்லாம் இப்படித்தான். சிரித்து முடித்த பிறகுதான் அதற்குள் இருக்கும் களைப்புத் தெரியும்.

பின்னொரு முறை விடுமுறையில் வந்திருந்தபோது, கரண்ட் போன ஒரு பின்னேரம் பேக்கரிக்குள் வந்தார். பணிசுக்குத் தடவச் சீனிப்பாகு காய்ச்சி வைத்திருந்தேன். அதை இன்னும் கொஞ்சம் இறுகக் காய்ச்சச் சொல்லி, பாதியைக் குளிர்ந்த தட்டில் மெல்லிசாக ஊற்றினார். உடனே இறுகிக் கண்ணாடியாகிவிட்டது. மிச்சத்தைச் சட்டியிலேயே மெதுவாக ஆறவிட்டுக் கிண்டினார். அது வெள்ளை வெளேரென்று மணிமணியாகப் பூத்துவிட்டது. இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஒரே சீனி, மாமா. இது வெளிச்சத்தை விடுது. இது மறிக்குது. வெளிச்சத்தில வேலை செய்யிற எங்கட சிப்புக்குள்ளயும் இதுமாதிரி ஒரு பூச்சு இருக்கு. சட்டெண்டு உருக்கி உடன ஆறவிட்டா கண்ணாடி. மெல்லச் சூடு காட்டினா மணி. எப்படி வைச்சமோ அப்படியே நிக்கும், கரண்ட் போனாலும். எந்த இடத்தில விடுறது, எந்த இடத்தில மறிக்கிறது எண்டு மாத்தி எழுதினா, அதே சிப் வேற வேலை செய்யும்."

"கரண்ட் போனாலும் நிக்குமெண்டா பேக்கரிக்கு ஒண்டு தாங்கோவன்."

"அது பாண் சுடாது மாமா. வெளிச்சத்தைத்தான் திருப்பும்."

"அப்ப ஆருக்கு அது?"

"எனக்குச் சம்பளம் தாறவங்களும் அதைத்தான் கேக்கிறாங்கள்" என்றார்.

அடுத்த முறை வந்தபோது அவருடைய கால்கள் வீங்கியிருந்தன. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. அங்கே அவருக்கு ஒப்பந்த வேலை. வேலை நீடித்தால்தான் வைத்தியக் காப்புறுதி நீடிக்கும், காப்புறுதி இருந்தால்தான் அங்கே மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிய முடியும். ஒப்பந்தம் முடியும் கட்டம் வந்ததால், இரத்தம் சுத்திகரிக்க எங்கள் ஊர் ஆஸ்பத்திரியே போதும் என்று வந்துவிட்டார். மகளின் இரத்தம் பொருந்தவில்லை. நான் என்னுடையதைத் தருகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். டொக்டர் என் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்கட கிட்னியை நீங்கள் கவனமா வைச்சிருந்தாலே போதும்" என்றார். காலம் முழுக்க ஊருக்குச் சீனி தடவிய பணிஸ் விற்றவனுக்கு உடம்பெல்லாம் சீனி. வெளியே வந்ததும் யூட் என் தோளில் தட்டி, "விற்காத சரக்கையெல்லாம் நீங்களே சாப்பிட்டனீங்களோ மாமா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். செலின் சிரிக்கவில்லை.

ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. அவருடைய சிப் அந்த நாட்டு ஆய்வுகூடத்தில் இருந்தது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து மடிக்கணினியில் அவர் கட்டளை அனுப்புவார். அங்கே பூச்சு கண்ணாடியாகும், மணியாகும், மறுபடி கண்ணாடியாகும். கண்ணாடியானால் திரையில் ஒரு கோடு மேலே போகும், மணியானால் கீழே விழும். எத்தனை தரம் மாற்றினாலும் கோடு பழைய உயரத்துக்குத் திரும்பி வர வேண்டும். வந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும், அவர் அங்கே போகலாம், பிழைக்கலாம்.

ஆகவே நாங்கள் மூவரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒழுங்காகத்தான் வந்தது. நான் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். பிறகு கோடு மேலே வரும்போது கொஞ்சம் குறையத் தொடங்கியது. சூட்டிலும் குளிரிலும் பூச்சுக்குள்ளே நுண்ணிய வெற்றிடம் விழுகிறது என்றார். வேறு வேறு விதமாகச் சூடு காட்டிப் பார்த்தார். இரத்தம் சுத்திகரித்துவிட்டு வந்த நாட்களிலும், வாந்தி எடுத்துவிட்டு வந்து மேசையில் இருப்பார்.

"தம்பி, வருமோ?"

"ஏலாது போல கிடக்கு மாமா."

எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் நடக்காது என்றால் யாரும் அப்படி முகத்துக்கு நேரே சொல்வதில்லை. 'பாப்பம்' என்போம், 'நாளைக்கு வாங்கோ' என்போம். நானும் கடன் கேட்டு வருபவருக்கு அதைத்தான் சொல்கிறேன். யூட்டுக்கு அந்தச் சொல் வராது.

அங்கே அவரோடு வேலை செய்தவர் ஒரு நாள் தொலைபேசியில் பேசினார். முதல் பகுதி நன்றாக இருக்கிறது, அதை மட்டும் அறிக்கையாக எழுதி அனுப்பு, மிச்சம் இன்னும் அளந்து முடியவில்லை என்று சொல், அதற்குள் ஒப்பந்தம் புதுப்பித்துவிடுவார்கள் என்றாராம். செலின் குசினிக்கு வந்து, அடுப்பை அணைத்துவிட்டு என்னிடம் இதைச் சொன்னாள். நான் யூட்டின் முன்னால் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தேன்.

"அனுப்புங்கோ தம்பி. பொய் ஒண்டும் இல்லையே. பாதி உண்மைதானே."

"மாமா, காலமை சுட்ட பாணைக் காட்டிப்போட்டு, நேற்றையான் பாணைச் சுத்திக் குடுப்பீங்களோ?"

"குடுப்பன்" என்றேன். "குடுத்தும் இருக்கிறன். ஒருத்தரும் சாகேல்லை."

மூச்சு வாங்கச் சிரித்தார். பிறகு, "அந்தச் சனத்துக்கு வந்து ஏச உங்கட வீடு தெரியும். இதை நம்பி இதே பூச்சோட ரெண்டு மூண்டு வருசத்தைத் துலைக்கிறவன் ஆரிட்டப் போய் ஏசுறது?" என்றார்.

"நீங்கள் இருந்தாத்தானே தம்பி அவன் ஏசுறதைக் கேக்கலாம்!"

அவர் திரும்பிச் செலினைப் பார்த்தார். செலின் மேசையில் இருந்த மருந்துகளை ஒதுக்கி வைத்தாள். பிறகு, "உங்கட பேர் போட்டு அனுப்புறது. நீங்கள்தான் சொல்ல வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் முழுவதையும் அனுப்பினார், கோடு விழுந்த பகுதியையும் சேர்த்து. அந்த வழி சரிவராது என்று, எல்லோரும் வாசிக்கும்படி வெளியான அறிக்கையில் அவரே எழுதினார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மழை தொடங்கியபோது நெஞ்சில் நீர் கோத்தது. அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

போன கிழமை செலினுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வேறொரு நாட்டு ஆய்வுகூடத்துக்காரர் அனுப்பியது. அதே பூச்சை எடுக்க இருந்தார்களாம். யூட் எழுதியதை வாசித்துவிட்டு அந்த வழியை விட்டுவிட்டார்களாம். காலம் மிச்சமாயிற்று, நன்றி என்று எழுதியிருந்தார்கள். அவர் இறந்தது அவர்களுக்குத் தெரியாது. செலின் எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு மடிக்கணினியை மூடினாள். யாரோ முகம் தெரியாத பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வருடம் கிடைத்திருக்கிறது. என் மகளுக்கு ஒரு கிழமைகூடக் கிடைக்கவில்லை.

அவர் செய்தது சரி என்று பங்குச் சுவாமி அடக்கப் பூசையில் சொன்னார். நீங்களும் சொன்னீர்கள். ஓம், சரிதான். ஆனால் பாண் ஏற்றும்போதும் இறக்கும்போதும் நான் இன்னும் அவர் முன்னால் அந்தக் கதிரையில்தான் இருக்கிறேன். "பாதியை அனுப்புங்கோ தம்பி" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு நியாயம் கண்டுபிடிக்கிறேன். ஒவ்வொரு நாளும் அவர்தான் வெல்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த வாக்குவாதம் ஒன்றுதான். அதில் தோற்றுக்கொண்டாவது இருப்பேன், விடமாட்டேன்.